கிராமத்தில் பொது ஆவணம் தேடுவது எப்படி? குமரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

எங்கள் மாமா இறந்து நாற்பது நாள் கழிந்ததும், அவர் பெயரில் இருந்த 12 சென்ட் விளைக்கு, அதாவது தோட்ட நிலத்துக்கு, "ரெக்கார்டு எடுக்க" நான் கிளம்பினேன். மூன்று அலுவலகங்கள் ஏறி இறங்கினேன். மூன்று இடத்திலும் நான் கேட்டது ஒன்றுதான்: "இந்த வஸ்துவோட ரெக்கார்டு வேணும் சார்." வந்த பதிலும் ஒன்றுதான்: "அது இங்க இல்லை." அலைக்கழிக்கிறார்கள் என்று கோபம் வந்தது. பிறகு எங்கள் ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் அண்ணன் ஒருவரிடம் போனேன். அவர் கேட்டார்: "தம்பி, ஒனக்கு எது தெரியணும்? உரிமை யாருக்குன்னா? கரம் யாரு கெட்டுறாங்கன்னா? எல்லை எங்கன்னா? மூணும் மூணு எடத்துல கெடக்கு." கரம் என்று அவர் சொன்னது நிலவரியை.

என் அலைச்சலுக்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. "ரெக்கார்டு" என்று ஒரே ஒரு பொருள் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு பதிவேடும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத் தொடங்கப்பட்டது. அந்தக் கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். இதைப் புரிந்துகொள்ளாமல் "பட்டா இருக்கு, அப்புறம் என்ன பயம்", "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு", "எல்லாம் ஆன்லைன்ல வந்தாச்சு" என்று நாம் பேசிக்கொள்கிறோம். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் அண்ணன் தம்பிகள் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள்.

பொது ஆவணம் என்றால் என்ன?

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு என்று தனித்தனியாக இருக்கும். ஒரு பையன் கணக்கில் எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று வருகைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. அதனால் அந்தப் பதிவேடு தவறு என்று ஆகிவிடாது. அரசு அலுவலகங்களின் பதிவேடுகளும் இப்படித்தான்.

அரசு ஊழியர் ஒருவர் தன் கடமையின் பகுதியாக எழுதி வைத்துப் பேணும் பதிவுதான் பொது ஆவணம். நாம் எழுதிக்கொள்ளும் கிரயப் பத்திரம் தனியார் ஆவணம். ஆனால் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, அதன் படி அங்கே புத்தகத்தில் ஏறிவிட்டால், அந்தப் படி பொது ஆவணமாகிவிடுகிறது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் அதற்குப் பதிலாக 2023-இல் வந்த புதிய சட்டமும் இதைச் சொல்கின்றன. பொது ஆவணத்தைப் பார்க்கும் உரிமை உள்ளவர் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் கேட்டால், அலுவலர் கொடுக்க வேண்டும். சான்றிட்ட நகல் என்பது "இது மூலத்தின் சரியான படி" என்று அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தரும் நகல். வீட்டில் கரையான் தின்ற பிரமாணத்துக்காக, அதாவது பத்திரத்துக்காக, அழ வேண்டியதில்லை என்பது இதனால்தான்.

முதலில், உங்கள் ஊர் எது?

விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பாதித் தேடல்கள் இங்கேதான் வழி தவறுகின்றன.

கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் தெருவாக ஒட்டி நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் தோட்டத்துக்குள் இருக்கும். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று நடந்து போகிறவருக்குத் தெரியாது. நாம் ஊர்ப் பெயராகச் சொல்வது பல நேரம் ஒரு சந்திப்பின் பெயர், ஒரு விளையின் பெயர், அல்லது கோயிலோ சர்ச்சோ இருக்கும் இடத்தின் பெயர். அரசுப் பதிவேட்டில் அந்தப் பெயரே இருக்காது.

அரசுக்கு மூன்று விதமான ஊர்கள் உண்டு. முதலாவது வருவாய் கிராமம். நிலத்தையும் நிலவரியையும் கணக்கு வைப்பதற்காக வருவாய்த் துறை வரைந்த எல்லை இது. நாம் வில்லேஜ் ஆபீஸ் என்று சொல்லும் கிராம நிர்வாக அலுவலகம் இதற்கானது. இரண்டாவது உள்ளாட்சி. இது சாலை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டுவரிக்கான எல்லை. அது கிராம ஊராட்சியாக இருக்கலாம், பேரூராட்சியாகவும் இருக்கலாம். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிக அதிகம். பார்வைக்குக் கிராமமாக, ரப்பரும் தென்னையுமாக இருக்கும் இடம் சட்டப்படி பேரூராட்சியாக இருப்பது இங்கே சாதாரணம். மூன்றாவது பதிவு கிராமம். பத்திரங்களை வகைப்படுத்தச் சார்பதிவாளர் அலுவலகம் வைத்திருக்கும் பெயர் அது. மூன்றும் ஒன்றாக இருந்தால் நல்லது. பல இடங்களில் இல்லை.

இதோடு வட்டப் பிரிவினையும் சேர்ந்துகொண்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்த மாவட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு வட்டங்கள் இருந்தன. பின்னாளில் கல்குளத்திலிருந்து திருவட்டாரும், விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் பிரிந்தன. இப்போது ஆறு வட்டங்கள். உங்கள் பழைய பத்திரத்தில் விளவங்கோடு வட்டம் என்று இருக்கும். இணையத்தில் விளவங்கோட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் உங்கள் கிராமம் பட்டியலில் வராது. காணாமல் போகவில்லை, கிள்ளியூருக்குள் போயிருக்கும்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் இருக்கும் பழைய கரம் ரசீதை, அதாவது நிலவரி கட்டிய ரசீதை எடுங்கள். அதில் வருவாய் கிராமத்தின் பெயர் இருக்கும். வீட்டுவரி ரசீதில் உள்ளாட்சியின் பெயர் இருக்கும். ஏதாவது ஒரு பத்திரத்தின் சொத்து விவரத்தில் பதிவு மாவட்டம், சார்பதிவு அலுவலகம், கிராமம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இந்த மூன்று காகிதங்களை வைத்துக்கொண்டு மூன்று பெயரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: நிலத்துக்கு வருவாய் கிராமம், வரிக்கும் ஊர்ப்பணிக்கும் உள்ளாட்சி, பத்திரத்துக்குப் பதிவு கிராமம். பேச்சு வழக்கில் இருக்கும் ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

நிலத்துக்கு ஓர் எண் உண்டு

மனிதர்களைப் பெயரால் தேடலாம். நிலத்தைப் பெயரால் தேடினால் சிக்கல். "பனவிளை" என்ற பெயரில் ஒரே கிராமத்தில் நான்கு விளைகள் இருக்கும். அதனால் வருவாய்த் துறை ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளந்து ஓர் எண் கொடுத்திருக்கிறது. அதுதான் சர்வே எண், தமிழில் புல எண். ஒரு துண்டு இரண்டாகப் பிரிந்தால் அந்த எண்ணுக்குக் கீழே 1, 2 என்றோ 1ஏ, 1பி என்றோ உட்பிரிவு எண் வரும்.

குமரி மாவட்டத்தில் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. திருவிதாங்கூர் அரசின் காலத்தில் நடந்த அளவையின்போது கொடுத்த எண்தான் பழைய சர்வே எண். பிற்பாடு மறுபடியும் அளந்து கொடுத்தது ரீசர்வே எண். நம் பக்கத்துப் பத்திரங்களில் இரண்டையும் எழுதும் வழக்கம் வந்தது இதனால்தான். இன்றைய இணையப் பதிவேடுகள் புதிய எண்ணையே கேட்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் பழைய எண் மட்டும்தான் இருக்கும். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் காட்டும் பதிவேடு வருவாய்த் துறையில் உண்டு. வில்லேஜ் ஆபீஸிலோ வட்டாட்சியர் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவிலோ கேட்கலாம். இந்த ஒரு படியைத் தாண்டாமல் மேலே போவதில் பயனில்லை.

எண் கிடைத்ததும் இரண்டு பதிவேடுகள் திறந்துகொள்ளும். ஒன்று அ-பதிவேடு. இது கிராமத்தின் சேர்க்கைப் பதிவேடு மாதிரி. எண் வாரியாக, இந்த நிலம் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா, எவ்வளவு பரப்பு, எவ்வளவு தீர்வை, பட்டா யார் பெயரில் என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். புறம்போக்கு என்பது அரசுக்குச் சொந்தமாக, தனியாருக்குப் பட்டா கொடுக்காமல் வைத்திருக்கும் நிலம். குளம், ஓடை, பாதை, சுடுகாடு எல்லாம் இதில் வரும். இரண்டாவது புல வரைபடம். தையற்காரர் அளவெடுத்து எழுதி வைத்திருக்கும் குறிப்பு மாதிரி, அந்தப் புலத்தின் ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர் என்று கோடு போட்டுக் காட்டும் படம் அது.

தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், எண் ஆகியவற்றைக் கொடுத்தால் இரண்டையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பரப்பளவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நாம் சென்ட் என்று பேசுவோம், பதிவேடு ஹெக்டேர், ஏர் என்று பேசும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். மாமாவின் 12 சென்ட் பதிவேட்டில் 4.86 ஏர். முதலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது, பாதிக்கு மேல் போய்விட்டதே என்று.

பட்டா எதற்குப் பதில் சொல்கிறது?

உங்கள் வீட்டு மின் கட்டண அட்டையில் யார் பெயர் இருக்கிறது? பல வீடுகளில் இறந்துபோன தாத்தாவின் பெயர் இருக்கும். சில வீடுகளில் பழைய சொந்தக்காரர் பெயர்கூட இருக்கும். அந்தப் பெயர் "இந்த இணைப்புக்கு யாரிடம் பணம் கேட்க வேண்டும்" என்ற கேள்விக்குப் பதில். வீடு யாருடையது என்பதை மின் வாரியம் முடிவு செய்வதில்லை.

பட்டாவின் பிறப்பும் இதேதான். நிலவரியை யாரிடம் வாங்குவது என்பதற்காக வருவாய்த் துறை எழுதி வைத்த பெயர் அது. அதனால் பட்டா மதிப்பில்லாதது என்று பொருள் அல்ல. வங்கியில், வழக்கில், விற்பனையில் அது முக்கியமான சான்று. நிலத்தை அனுபவித்து வருகிறவர் யார் என்று காட்டும். ஆனால் உரிமை பட்டாவால் பிறப்பதில்லை. கிரயம், தானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால்தான் பிறக்கும். பட்டா அதைப் பின்தொடர்ந்து வர வேண்டிய காகிதம். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறியதால் மட்டும் யாரும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

கூட்டுப்பட்டா என்றொரு வகை உண்டு. ஒரே பட்டாவில் பலர் பெயர் இருக்கும். இதில் யாருக்கு எந்த மூலை என்று பட்டா சொல்லாது. உட்பிரிவு செய்து, அளந்து, தனிப்பட்டா வாங்கினால்தான் உங்கள் துண்டு தனியாக வரைபடத்தில் ஏறும். நம் பக்கம் குடும்பச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டதால் வந்தவை என்று அடித்துச் சொல்வேன். அப்பா இருக்கும்போதே செய்திருக்கக்கூடிய வேலை அது.

இன்னொன்று, பெயர் எழுத்துக்கள். பழைய பதிவேடுகளில் மலையாள உச்சரிப்பில் எழுதிய பெயர், வீட்டுப் பெயரோடு சேர்ந்த பெயர், ஞானஸ்நானப் பெயர், கூப்பிடும் பெயர் என்று ஒரே ஆள் நாலு விதமாக இருப்பார். பெயர் இல்லை என்று திரும்பி வருவதற்கு முன் எண்ணை வைத்துப் பாருங்கள்.

சுருக்கமாக: பட்டா, வரி யாரிடம் வாங்குவது என்ற பதிவு. அ-பதிவேடு, நிலம் என்ன வகை, எவ்வளவு என்ற பதிவு. புல வரைபடம், எல்லையின் அளவு. மூன்றும் வருவாய்த் துறையுடையவை. உரிமை எப்படி வந்தது என்பதற்கு வேறு அலுவலகம் போக வேண்டும்.

வில்லங்கச் சான்று, ஒரு மொய் நோட்டு

கல்யாண வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று வரிசையாக இருக்கும். ஆனால் கையில் கவர் கொடுத்துவிட்டுப் போனவர் அதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வாழ்த்திப் போனவரும் இல்லை. நோட்டில் பெயர் இல்லை என்பதால் அவர் கல்யாணத்துக்கே வரவில்லை என்று சொல்ல முடியுமா?

வில்லங்கச் சான்று இப்படிப்பட்ட நோட்டுதான். குறிப்பிட்ட சொத்தைப் பற்றி, குறிப்பிட்ட கால அளவில், அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல் அது. கிரயம், அடமானம், ஒற்றி, பாகப்பிரிவினை எல்லாம் தேதி, ஆவண எண், எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் என்ற விவரங்களோடு வரும்.

எது வராது? பதிவு செய்யாத எதுவும் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பெட்டிக்குள் ஒரு உயில் இருந்தால் வில்லங்கத்தில் தெரியாது. அப்பா இறந்ததும் பிள்ளைகளுக்குச் சட்டப்படி வந்த உரிமைக்குப் பத்திரமே கிடையாது, அதுவும் தெரியாது. நடக்கிற வழக்கும் பெரும்பாலும் தெரியாது. அதை இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்துத் தனியாகத் தேட வேண்டும். "வில்லங்கம் சுத்தம்" என்றால் "நீங்கள் கேட்ட ஆண்டுகளில், கேட்ட எண்ணில், பதிவானது எதுவும் இல்லை" என்று மட்டும்தான் பொருள். தவறான எண்ணைக் கொடுத்தாலும் சுத்தமாகத்தான் வரும். பழைய எண்ணில் பதிவான பத்திரம் புதிய எண்ணில் தேடும்போது தப்பிப் போவதும் உண்டு. இரண்டு எண்ணையும் கொடுத்துத் தேடுவது அவசியம்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கணினியில் ஏற்றிய காலம் வரைதான் அங்கே கிடைக்கும். பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையவை, அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அதற்கு முந்தைய காலத்துக்கு மனு கொடுத்து, கட்டணம் கட்டி, ஊழியர் பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டித் தேடித் தர வேண்டும். அட்டவணை என்பது பதிவான பத்திரங்களின் அகராதி. ஆட்களின் பெயர்வாரியாக ஒன்று, சொத்துவாரியாக ஒன்று.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு உரிமை இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். நீங்கள் அந்தச் சொத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து விளையின் பத்திரத்தில் உங்கள் எல்லையை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகம் மட்டும் வேறு. எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும்தான் நகல். அவர் இறந்த பிறகு யாரும் கேட்கலாம்.

பழைய பிரமாணத்தைப் படிக்க

1956-க்கு முந்தைய காகிதம் கையில் கிடைத்தால் பாதிப்பேர் மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். அது மலையாளத்தில் இருக்கும், அல்லது மலையாளமும் வடமொழியும் கலந்த தமிழில் இருக்கும். பயப்பட வேண்டாம். அதில் திரும்பத் திரும்ப வருவது சில சொற்கள்தான். பகுதி என்றால் இன்றைய வருவாய் கிராமம். பார்வத்தியக்காரர் என்றால் அந்தப் பகுதியின் அலுவலர். ஏலா என்றால் வயல்பரப்பு. புரையிடம் என்றால் வீடு இருக்கும் மனை. ஒற்றி என்றால் பணத்துக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுத்தது. மீட்காத ஒற்றி ஒன்று நடுவில் இருந்தால் அதைப் பென்சிலால் வட்டமிட்டு வக்கீலிடம் காட்டுங்கள்.

தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அதை மலையாள ஆண்டு என்றும் சொல்வோம். ஆவணி முதல் தேதி தொடங்கும் ஆண்டு அது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825-ஐக் கூட்டுங்கள். 1110 ஆவணி என்றால் 1934 ஆகஸ்ட்-செப்டம்பர். 1110 மாசி என்றால் 1935 பிப்ரவரி-மார்ச். பத்திரத்தின் மேலே 1110 என்று பார்த்துவிட்டு, சோழர் காலத்துப் பத்திரம் என்று ஒரு நண்பர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

இன்னும் ஒரு சொல், ஸ்ரீபண்டாரவகை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய நிலங்களை அப்படி எழுதினார்கள். குமரி மாவட்டத்தில் இந்த வகையை ஒழித்து, சாதாரண ரயத்துவாரி நிலமாக, அதாவது நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் நிலமாக, மாற்றுவதற்கென்றே 1964-இல் தனிச் சட்டம் வந்தது. ஆகவே பழைய பிரமாணத்தில் அந்தச் சொல் இருந்தால் நிலம் கோயிலுக்குப் போய்விடும் என்று அலற வேண்டாம். 1964-க்குப் பிறகு யார் பெயரில் பட்டா ஏறியது என்று பாருங்கள்.

நாஞ்சில் நாட்டுப் பக்கத்தில் ஒருகாலத்தில் மருமக்கள் வழி இருந்ததால், சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். சொத்து கைமாறி வந்த பத்திரங்களின் வரிசையில் திடீரென்று வேறு குடும்பப் பெயர் வருவதைப் பார்த்து, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காரணவர் (குடும்பத்தின் மூத்த தாய்மாமன்), மருமகன் என்ற சொற்கள் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பதிவேடுகளுக்கும் முந்தையவை ஓலைகள். அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்திருக்காவிட்டால் நாஞ்சில் நாட்டின் பழைய நில வரலாற்றில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டு மச்சில் இருக்கும் ஓலைக்கட்டை எரிப்பதற்கு முன் யாரிடமாவது காட்டுங்கள், தயவுசெய்து.

பிறப்பும் இறப்பும் எங்கே பதிவாகும்?

சொந்த ஊர் எதுவாக இருந்தாலும், சம்பவம் நடந்த இடத்தில்தான் பதிவு. இந்த ஒரு வரி புரிந்தால் போதும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பதிவைத் தோவாளைக்கு அப்பால் உள்ள கிராமத்தில் தேடினால் இருக்காது. மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரர்கள் பலர் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போவார்கள். அந்தப் பதிவு கேரளத்தில் இருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டைத் தாண்டிவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். பதிவேட்டில் ஒரு பதிவைத் தேடச் சொல்லவும் அதற்கான சான்று கேட்கவும் யாருக்கும் உரிமை உண்டு. இறப்புக்கான காரணத்தை மட்டும் அதில் வெளியிட மாட்டார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பதிவு இல்லையென்றால், கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடு, சிஎஸ்ஐ சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு, தொடக்கப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியவை கைகொடுக்கும். சபைப் பதிவேடு அரசு ஆவணம் அல்ல, கேட்டுப் பெறுவது அவர்கள் தரும் அனுமதியால். ஆனால் தேதியை நிறுவ நல்ல துணைச் சான்று.

இருப்பதைக் கேட்கும் உரிமை

வீட்டுவரிக் கேட்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், வேலைகளின் செலவுக் கணக்கு ஆகியவை உள்ளாட்சியிடம் இருக்கும். கிராம ஊராட்சியென்றால் கிராம சபையிலேயே கணக்கை வைக்க வேண்டும். வீட்டுவரி ரசீதும் உரிமைச் சான்று அல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கேட்டும் தராதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இதைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. கடையில் இருக்கும் அரிசியைக் கேட்கலாம், சோறாக்கித் தரச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவின் நகலைத்தான் இந்தச் சட்டம் பெற்றுத் தரும். "எங்கள் ஊர்க் குளத்தை ஏன் ஆக்கிரமிக்க விட்டீர்கள்?" என்று கேட்டால் ஒரு வரியில் தட்டிவிடுவார்கள். "இந்த வட்டம், இந்தக் கிராமம், இந்தப் புல எண்ணுக்கான அ-பதிவேட்டின் சான்றிட்ட நகலும் புல வரைபடமும் தருக" என்று கேட்டால், குளத்தின் பரப்பு அரசின் கையெழுத்தோடு உங்கள் கையில் இருக்கும். குளங்களால் உயிர்வாழும் மாவட்டம் இது. அந்தக் காகிதத்தை ஒவ்வோர் ஊரிலும் ஒருவராவது வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தமிழ்நாட்டில் மனுவில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், அவர்கள் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தனிப்பட்ட ஒருவரைப் பற்றிய விவரங்களை மறுக்கலாம்.

மாமாவின் 12 சென்ட்

அண்ணன் சொன்னபடி நான் கரம் ரசீதிலிருந்து தொடங்கினேன். அதில் கிராமத்தின் பெயரும் பழைய எண்ணும் இருந்தன. வில்லேஜ் ஆபீஸில் புதிய எண் கிடைத்தது. இணையத்தில் அ-பதிவேட்டைத் திறந்தால் மாமாவின் பெயர் இல்லை, அவருடைய அப்பாவின் பெயர் வேறோர் எழுத்துக்கூட்டில் இருந்தது. கூட்டுப்பட்டா. 1975-க்குப் பிறகான வில்லங்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு முந்தைய காலத்துக்கு மனு கொடுத்து, இரண்டு எண்ணையும் எழுதி, காத்திருந்தேன். 1962-ஆம் ஆண்டின் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் எண் வந்தது. நகல் போட்டு வாங்கினேன். அதற்குள் 1110-ஆம் ஆண்டு மூலப் பிரமாணத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது.

மாமாவின் பங்கு அதில் "சி" என்ற சொத்துப் பட்டியலில் இருந்தது. கிழக்கு எல்லையாக ஓடை என்று எழுதியிருந்தார்கள். அந்த ஓடை இப்போது கான்கிரீட் கால்வாய். உட்பிரிவுக்கு மனு கொடுத்த பிறகு அளக்க வந்த சர்வேயர் நகலை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, கால்வாயின் ஓரத்தில் சங்கிலியின் முனையை வைக்கச் சொன்னார்.